மலைக்கு மாதம் உண்டு: நெல்லைச் சீமையில் ஒருநாள் மலைநடை எங்கே, எப்போது?

பாளைக்காரி | செப்டம்பர் 14

வணக்கம். பதினாறு ஆண்டுகள் சென்னையில் இருந்துவிட்டு இந்த ஆனி மாதம் குடும்பத்தோடு பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டோம். மொட்டைமாடியில் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் மேற்கே மலை நிற்கிறது. ஒரு நாள் கருநீலம், ஒரு நாள் சாம்பல், சில நாட்கள் மலை இருந்த இடமே தெரியாது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் தினமும் பார்த்துவிட்டு, "எப்போது போகலாம்?" என்று கேட்கிறாள். எனக்கும் அதே ஏக்கம்தான்.

ஆவணியில் ஒரு ஞாயிறு தோரணமலைக்குப் போனோம். வீட்டு வேலையை முடித்துக் கிளம்பி, முதல் படியில் கால் வைக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மேற்கிலிருந்து அடித்த காற்றில் மகளின் தொப்பி பறந்து பள்ளத்தில் விழுந்தது. அப்பாவுக்கு 68 வயது. வெறுங்காலோடு ஏறுகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டு வந்தவர். முக்கால் வழியில், கண் இருட்டுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். நிழலில் படுக்கவைத்து, மோர் கொடுத்து, சாமி கும்பிடாமலேயே மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தோம். அது அவருக்குத் தீராத மனக்குறை.

மறுபடி அப்படி ஆகக் கூடாது. காலையில் கிளம்பி மாலைக்குள் வீடு திரும்புகிற மாதிரி, எந்த மாதம் எந்த மலை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூடாரம் அடித்துத் தங்குவதெல்லாம் எங்களால் முடியாது.

கடனாநதி | செப்டம்பர் 14

தங்கச்சி, அப்பா இப்போது நலம்தானே? மோர் கொடுத்தது சரி, அந்த இடத்திலேயே திரும்பியது அதைவிடச் சரி. தோரணமலை எங்கும் போய்விடாது.

நான் ஆழ்வார்குறிச்சிப் பக்கம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த அடிவாரத்தில் நடக்கிறேன். "அக்டோபர் முதல் மார்ச் வரை மலைக்கு ஏற்ற காலம்" என்று எங்கோ ஒருவர் எழுத, எல்லோரும் அதையே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அதை நம்பி நம் மலைக்கு வரக் கூடாது. அக்டோபரில் இருக்கும் மலை வேறு, மார்ச்சில் இருக்கும் மலை வேறு.

நமக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கேரளச் சரிவில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. மிச்சம்தான் முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறது. ஆரியங்காவுக் கணவாய் திறந்து கிடப்பதால் செங்கோட்டைக்கும் குற்றாலத்துக்கும் சாரல் கிடைக்கிறது. அதே நாளில் கடையத்திலும் களக்காட்டிலும் ஈரமில்லாத காற்றுதான் ஆளைத் தள்ளும். உங்கள் மகளின் தொப்பியைப் பறித்தது அந்தக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் திரும்பிக்கொள்ளும். கீழ்க்காற்று கடலிலிருந்து வந்து நம் சரிவிலேயே நேராக மோதும். மாநில மழைக் கணக்கில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டப் பக்கத்து ஊத்து, நாலுமுக்கு என்ற பெயர்கள் முதல் வரிசைக்கு வருவது அந்த நாட்களில்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்கள் சென்னையில் இருந்தே கேள்விப்பட்டிருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை கொள்ளாமல் ஊருக்குள் வந்தது.

இன்னொன்று, இதை யாரும் எழுதுவதில்லை. நாம் மலைக்குக் கிழக்கே இருக்கிறோம். விடிந்ததும் வெயில் நேராக நம் சரிவில் விழும். ஏறும்போது முதுகில் வெயில், பத்து மணிக்குப் பாறை கொதிக்கும். ஆனால் மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரம் இறங்கிவிடும். ஊரில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரத்து ஓடைப் பாதைகளில் மசங்கலாகிவிடும். ஆகவே நம் பக்கத்தில் பகல் என்பது முன்னே தள்ளி வைத்த பகல். ஐந்தரைக்கு ஏறத் தொடங்கி, பத்துக்குள் உச்சி பார்த்து, மூன்று மணிக்குள் சாலையில் நிற்க வேண்டும். எந்த மாதமானாலும் இதை நான் மாற்றியதில்லை.

இப்போது புரட்டாசி வரப்போகிறது. "புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்" என்பார்கள். காற்று அடங்கியிருக்கும், பெருமழை இன்னும் வந்திருக்காது. அந்த இடைவெளியில் தோரணமலைக்கு மறுபடி போங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இருட்டோடு அடிவாரத்தில் இருங்கள். யானை படுத்திருப்பது போன்ற மலை, வாரணமலை என்பதுதான் தோரணமலை ஆயிற்று என்பார்கள். அந்த உருவம் முதல் வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும். அப்பா ஐம்பது படிக்கு ஒரு முறை உட்காரட்டும், மூச்சு வாங்கும் முன்பே உட்காரட்டும்.

மேக்கரை | செப்டம்பர் 15

சாரல் காலத்தைப் பற்றி நான் சொல்கிறேன், அக்கா. என் ஊர் செங்கோட்டைக்கு வடக்கே, அடவிநயினார் அணைப் பக்கம்.

ஆனி, ஆடியில் எல்லோரும் குற்றாலத்துக்குப் போய் அருவியில் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் ஒரு காலைப் பொழுதைப் பண்பொழி திருமலைக்கோவிலுக்குக் கொடுங்கள். வாகனம் போகச் சாலை இருக்கிறது, அப்பா அதில் வரட்டும். நீங்களும் மகளும் படிவழியாக ஏறுங்கள். மேலே நின்றால் ஒரு பக்கம் மேகம் தொங்கும் மலை, மறு பக்கம் நடவு முடிந்த வயல், தென்னந்தோப்பு, குளங்கள். மேகம் இறங்கி உங்களைத் தொடும்போது அது மழையா காற்றா என்று தெரியாது. முகத்தில் மாவு தெளித்த மாதிரி ஒரு ஈரம், அவ்வளவுதான். சாரலுக்குக் குடை உதவாது, காற்று குடையை மடக்கிவிடும். தலைக்கு ஒரு துண்டு போதும். பாசி பிடித்த படியில் மட்டும் பக்கவாட்டில் கால் வைத்து இறங்க வேண்டும்.

குற்றாலத்தில் பேரருவிக்கு மேலே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டரில் செண்பகாதேவி அருவி இருக்கிறது. அதற்கும் மேலே தேனருவி. என் தாத்தா காலத்தில் எல்லோரும் நடந்து போய்க் குளித்துவிட்டு வந்திருக்கிறார்கள். இப்போது அந்தப் பாதையில் நம் இஷ்டத்துக்குப் போக விடுவதில்லை. சித்ரா பௌர்ணமியை ஒட்டி செண்பகாதேவி அம்மன் கோவில் விழாவுக்கு விடுவதுண்டு. அன்று போனால் போகலாம், மற்ற நாட்களில் "எனக்கு வழி தெரியும்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

நடக்க முடியாத அளவு மழை பிடித்துவிட்டால் செங்கோட்டையிலிருந்து புனலூர்ப் பக்கம் ரயில் ஏறுங்கள். 1904இல் போட்ட மலைப்பாதை, அகலப்பாதையாக மாற்றி 2018இல் மறுபடி திறந்தார்கள். குகைகளையும் பதிமூன்று கண் பாலத்தையும் தாண்டும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிள்ளை திரும்பி வருகிற வரை பேசாது. திரும்பும்போது குற்றாலத்தில் மங்குஸ்தான் வாங்குங்கள், அந்தக் காலத்தில்தான் கிடைக்கும். ஆடியில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருந்தால் அதையும் பார்த்துவிட்டு வரலாம். வயல் ஓரத்தில் நின்று பாருங்கள், செடிகளுக்குள் இறங்க வேண்டாம், அது ஒருவருடைய வெள்ளாமை.

குன்றேறி | செப்டம்பர் 15

கடனாநதி அண்ணாச்சியின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஐப்பசி, கார்த்திகையை மொத்தமாக ஒதுக்கி வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

வடகிழக்குப் பருவமழை அந்த இரண்டு மாதமும் விடாமல் பெய்வதில்லை. இரண்டு மழைக்கு நடுவே நான்கைந்து நாள் வெறிக்கும். அந்த நாட்களில் நம் மலையைப் போல ஒரு மலையை நான் எங்கும் பார்த்ததில்லை. தூசி எல்லாம் கழுவப்பட்டு, பாறை மடிப்பு ஒவ்வொன்றும் தெரியும். கோடையில் பெயர்கூட இல்லாத இடங்களில் வெள்ளிக் கம்பியாக அருவி தொங்கும். வேலி ஓரமெல்லாம் செங்காந்தள் பூத்திருக்கும். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா?

அதைவிட எனக்கு ஒரு வருத்தம். பாணதீர்த்த அருவிக்குப் படகில் போன காலம் போய்விட்டது. செண்பகாதேவிக்கு நினைத்த நாளில் போக முடியாது. நாம் தினமும் கும்பிடுகிற பொதிகை, 1,868 மீட்டர், அதன் உச்சிக்குப் போக வேண்டுமென்றால் கேரளம் போய், போணக்காட்டிலிருந்து ஏற வேண்டியிருக்கிறது. அதுவும் ஜனவரி முதல் மார்ச் வரை முன்பதிவு கிடைத்தால் மட்டும். அது ஒருநாள் நடையும் இல்லை. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பிறக்கிற மலை தூரத்துப் படமாகவே இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மலையைத் தெரியாத தலைமுறை மலையைக் காப்பாற்றுமா?

கடனாநதி | செப்டம்பர் 16

தம்பி, உங்கள் வருத்தம் என்னுடையதும்தான். பாணதீர்த்தத்தில் என் பிள்ளைகளோடு குளித்தவன் நான். ஆனாலும் கார்த்திகையைப் பற்றி ஒரு நாளைச் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு. மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. நீங்கள் சொல்கிற அதே கழுவிய வானம். நான்கு பேர் ஒரு ஓடையைத் தாண்டி அக்கரைப் பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். தாண்டும்போது தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. முதலில் மாறியது சத்தம். கூழாங்கல் மேல் சலசலத்துக்கொண்டிருந்த தண்ணீர் அடித்தொண்டையில் உறுமத் தொடங்கியது. பிறகு ஒரு இலைக்கொத்து மிதந்து வந்தது. சருகு என்றால் கவனித்திருக்க மாட்டேன். அது பச்சை, அன்று ஒடிந்த கிளை. அப்புறம் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. நாங்கள் மிதித்துத் தாண்டிய கல்லைத் தேடினால் அது இல்லை. இவ்வளவும் பத்து நிமிடத்துக்குள். எங்கள் தலைக்கு மேல் அப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேலே எங்கோ ஒரு மடிப்பில் மேகம் உடைந்திருக்கிறது, எங்களுக்கு ஒரு துளி விழவில்லை. வடிவதற்கு நாலு மணி நேரம் காத்திருந்து, இருட்டில், கையைக் கோத்துக்கொண்டு தாண்டினோம். காத்திருக்காமல் இறங்கியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனதே, அதுவும் இப்படி வந்த தண்ணீர்தான். மே மாதம், கோடை விடுமுறைக் கூட்டம், யாரும் எதிர்பார்க்கவில்லை. நூறு ஆண்டுக்கு முன்னால் 1925 ஜூனில் வ.வே.சு. ஐயர் பாபநாசத்தில் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார். சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தியவர், இந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர்.

ஆகவே நான் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் இருங்கள் என்று சொல்லவில்லை. தண்ணீரைத் தாண்டும் பாதை வேண்டாம் என்கிறேன். திரும்பி வர ஒரே வழி, அந்த வழியில் ஒரு ஓடை என்றால், அந்த இரண்டு மாதமும் அது எனக்குப் பாதையே இல்லை. நீங்கள் சொல்கிற வெள்ளிக் கம்பிகளைக் கடையத்துக்கும் ஆழ்வார்குறிச்சிக்கும் நடுவே ஒரு குளத்தங்கரையில் நின்று பாருங்கள். பத்து அருவி ஒரே பார்வையில் தெரியும். ஓடைக்குள் இறங்கியவனுக்கு ஒன்றுதான் தெரியும்.

குன்றேறி | செப்டம்பர் 16

பச்சைக் கிளை அடையாளத்தை இதுவரை நான் கேட்டதில்லை, அண்ணாச்சி. குறித்துக்கொண்டேன். "தண்ணீரைத் தாண்டாத பாதை" என்ற வரையறையோடு கார்த்திகையை எனக்கு விட்டுக்கொடுத்ததற்கு நன்றி. தடைகளைப் பற்றிய என் வருத்தம் அப்படியே இருக்கிறது.

மாஞ்சோலைப் பேத்தி | செப்டம்பர் 18

என் பாட்டி நாலுமுக்கில் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். அம்மா அங்கே பிறந்தவர். நான் விடுமுறைக்கு மட்டும் போனவள், ஆனாலும் அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும்.

மணிமுத்தாறு சோதனைச்சாவடியில் அனுமதி வாங்கி, அணையையும் அருவியையும் கடந்து ஏற வேண்டும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, கடைசியில் குதிரைவெட்டி. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் என்பதால் எத்தனை வண்டி, எந்த நேரம் என்ற கட்டுப்பாடு உண்டு. மழை என்றால் உடனே மூடுவார்கள், ஆகவே முதல் நாளே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். போக வேண்டிய மாதம் தை, மாசி. மார்கழியில் குளிர் கொஞ்சம் அதிகம், பனியில் எதிரே வருகிற வண்டிகூடத் தெரியாது. தையில் காலை ஒன்பது மணி சுமாருக்குப் பனி திரை மாதிரி ஒரு ஓரத்திலிருந்து சுருண்டு எழும். முதலில் தேயிலையின் மேல்வரிசை தெரியும், பிறகு நிழல்மரங்கள், கடைசியில் பள்ளத்தாக்கு. அதற்குக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். பலர் வண்டியை நிறுத்தி, பனியைப் படம் எடுத்துவிட்டு, திரை விலகும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள்.

நடப்பது சாலையோடு நடப்பதுதான். தேயிலைக்குள் இறங்காதீர்கள். ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டதால் கரடிக்குத் தைரியம் வந்துவிட்டது.

இன்னொரு வேண்டுகோள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,374 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து உருவான தோட்டம் அது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் எங்கள் ஆட்கள். 2024இல் வேலை முடிந்தது என்று தோட்டக் கம்பெனி சொல்லிவிட்டது, எங்கள் ஆட்களில் பலர் மலையை விட்டு இறங்கினார்கள். தொழிலாளர்கள் குடியிருந்து, இப்போது பூட்டிக் கிடக்கும் லயன் வீட்டு வாசலில் நின்று சிரித்துப் படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்த வாசலில் என் பாட்டி கோலம் போட்டிருக்கிறார். பாருங்கள், நின்று பாருங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். படம் மட்டும் வேண்டாம்.

நம்பியாறு | செப்டம்பர் 19

பாளைக்காரி அம்மா, உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற இடம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு திருக்குறுங்குடி மலைநம்பி கோவிலைச் சொல்வேன். ஊருக்குள் நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பியைச் சேவித்துவிட்டு, மகேந்திரகிரி மலைச்சரிவில் மலைநம்பி. ஜீப்பும் போகும், நடந்தும் போகலாம். அப்பா ஜீப்பில், நீங்கள் நடையில், மேலே சந்திக்கலாம். பாதை கரடுமுரடான கற்சாலை, வழி தவற முடியாது. பக்கத்திலேயே நம்பியாறு ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே வரும்.

தமிழ் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை கூட்டம் நெரியும். அமைதி வேண்டுமானால் அதைத் தவிர்த்துவிடுங்கள். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் அந்தக் கூட்ட நாளையே தேர்ந்தெடுப்பார்கள், வழி நெடுக ஆள் இருக்கும். மாதம், தை பிறந்த பிறகு. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்து பக்தர்கள் அக்கரையில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. கோவில் என்பதால் ஆபத்து இருக்காது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆறு கோவிலைப் பார்த்து ஒதுங்குவதில்லை.

பாளைக்காரி | செப்டம்பர் 20

இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வாத்தியார் சொன்ன நேரத்துக்கே போவோம்" என்று இப்போதே அலாரம் வைக்கச் சொல்கிறார்.

இரண்டு கேள்வி. அட்டைக்கு என்ன செய்வது? மகள் அட்டை என்ற சொல்லைக் கேட்டாலே காலைத் தூக்கிக்கொள்கிறாள். அடுத்தது, பெண்கள் மட்டும் போனால் என்ன கவனிக்க வேண்டும்? என் தோழிகள் மூன்று பேர் ஆசைப்படுகிறார்கள்.

மாஞ்சோலைப் பேத்தி | செப்டம்பர் 20

அட்டை மழைக்காலத்தில்தான், தை, மாசியில் சாலையோடு நடந்தால் பெரும்பாலும் இருக்காது. கால்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். பாட்டி புகையிலையை ஊறவைத்த தண்ணீரைக் காலில் தடவுவார். ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதீர்கள், துளி உப்பு வைத்தால் தானே சுருண்டு விழும். விழுந்த பிறகும் ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், அது பயப்படுகிற விஷயம் இல்லை. மகளிடம் ஒரு உப்புப் பொட்டலத்தைக் கொடுத்து, "நீதான் அட்டை அதிகாரி" என்று சொல்லிவிடுங்கள். பயம் போய்விடும், எனக்கு அம்மா அப்படித்தான் செய்தார்.

பெண்கள் மட்டும் என்றால் முதல் முறை படிவழிக் கோவில் மலைகளில் தொடங்குங்கள். கழிப்பறை அடிவாரத்தில் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் ஏறாதீர்கள், நம்மில் பாதிப் பேர் அந்தத் தவறைச் செய்கிறோம், தலை சுற்றுவது அதனால்தான்.

குன்றேறி | செப்டம்பர் 21

காட்டுக்குள்ளே போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இருக்கின்றன, நம் பக்கமும் உண்டு. இணையத்தில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் கூட வருவார்கள். மலையில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் கூட வருவதற்காகவே நான் அதில் போவேன். நாம் ஒரு மரத்தைப் பார்க்கிற இடத்தில் அவர்கள் அதில் நேற்று உரசிவிட்டுப் போன யானையைப் பார்க்கிறார்கள். சேற்று அடையாளம் என் தலைக்கு மேல் இரண்டு அடி உயரத்தில் இருந்தது, கூட வந்தவர் கை காட்டும் வரை எனக்குத் தெரியவில்லை.

கோடையில், தீப்பிடிக்கிற காலத்தில் நிறுத்திவிடுவார்கள். அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த போதைப்புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. மாசி பாதியிலிருந்து புல் மலைகள் பக்கம் நானே போவதில்லை.

பாளைக்காரி | அக்டோபர் 5

தோரணமலை ஏறிவிட்டோம்! நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ஐந்தே முக்காலுக்கு முதல் படி. அப்பா இந்த முறையும் வெறுங்கால்தான், ஆனால் கல் குளிர்ந்திருந்தது. ஐம்பது படிக்கு ஒரு முறை உட்கார்ந்தார், மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். குகைக்குள் முருகனைப் பார்த்ததும் அப்பா பேசவே இல்லை. வெளியே வந்து கிழக்கே பார்த்தபடி வெகுநேரம் நின்றார். கீழே கடையம் பக்கத்து வயல்கள் முழுக்க நீளநீளமான நிழல். எட்டரைக்கு அடிவாரத்தில் இட்லி சாப்பிட்டோம். பதினொரு மணிக்கு வெயில் ஏறும்போது நாங்கள் வீட்டில் இருந்தோம்.

கடனாநதி | அக்டோபர் 5

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது.

பாளைக்காரி | ஜனவரி 25

நேற்று மலைநம்பி. நம்பியாறு ஐயாவுக்கு முதல் நன்றி.

சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். புளியோதரையை வாழை இலையில் கட்டி எவர்சில்வர் தூக்கில் வைத்திருந்ததால் தடையில்லாமல் விட்டார்கள். அப்பா முதல் அரை கிலோமீட்டர் எங்களோடு நடந்தார், பிறகு பின்னால் வந்த ஜீப்பில் ஏறிக்கொண்டார். நானும் கணவரும் மகளும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டோம். அவசரப்பட்டிருந்தால் மலையணிலைப் பார்த்திருக்க மாட்டோம். ஒரு கிளை அசைந்தது, காற்று இல்லை. நின்றோம். செம்பழுப்பு முதுகு, எங்கள் மகளின் கை நீளத்துக்கு ஒரு வால், அது கிளைக்கு அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் எதையோ பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கடித்தது. தோல் துணுக்குகள் ஒவ்வொன்றாகப் பாதையில் விழுந்தன. மகள் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது அதனுடைய சாப்பாடு" என்று அதே இடத்தில் வைத்துவிட்டாள்.

ஆற்றில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. இறங்கும் முன் நானே அறியாமல் பச்சை இலை ஏதாவது வருகிறதா என்று மேலே பார்த்தேன். அடிவாரம் வந்தபோது அண்ணாச்சி சொன்னது போலவே வெயில் மலைக்குப் பின்னால் சரிந்துவிட்டது. எங்கள் மேல் நிழல், எதிரே வயல் முழுக்க இன்னும் மஞ்சள் வெயில்.

மாசியில் மாஞ்சோலைக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பேத்தி, படம் எடுக்க மாட்டோம். பங்குனி, சித்திரைக்கு மட்டும் இன்னும் யாரும் இடம் சொல்லவில்லையே?

கடனாநதி | ஜனவரி 26

காடு காய்ந்து கிடக்கும் அந்த இரண்டு மாதமும் பெரிய மலையை விட்டுவிடுங்கள். விலங்குகள் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி இறங்குகிற காலம், அந்த ஓரங்களில் நமக்கு வேலை இல்லை. கழுகுமலைக்குப் போங்கள். இப்போது தூத்துக்குடி மாவட்டம், பழைய திருநெல்வேலிச் சீமைதான். பாறையைக் குடைந்து மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து பாதியில் நின்றுபோன வெட்டுவான் கோவில் அங்கே இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் வேலை. பக்கத்துப் பாறையில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள். கிழக்கு வெளுக்கும்போது மேலே இருந்தால், சாய்வு வெளிச்சத்தில் உளி பட்ட தடம்கூடத் தெரியும். எட்டு மணிக்கு இறங்கிவிட வேண்டும். அதன்பிறகு பாறை கால் வைக்க விடாது, அப்பாவைச் செருப்போடு ஏறச் சொல்லுங்கள். கோவில்பட்டி வழியாகத் திரும்பினால் மகளுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுக்கலாம்.

பாளைக்காரி | ஜனவரி 26

அப்படியே செய்கிறோம், அண்ணாச்சி. உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். மகள் தினக்காலண்டரில் ஒவ்வொரு நாளும் காலையில் மாடியில் நின்று மலை என்ன நிறம் என்று எழுதத் தொடங்கியிருக்கிறாள். மார்கழியில் முக்கால்வாசி "தெரியவில்லை". தை பிறந்ததிலிருந்து பன்னிரண்டு நாளில் ஒன்பது நாள் "நீலம்". இன்று காலை "நீலம், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு" என்று எழுதியிருக்கிறாள். அது மேகமா, பாறையா, தண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை.

கடனாநதி | ஜனவரி 26

நேற்று மலையில் மழை இல்லை. பாறை மேல் காலை வெயில் பட்டதாக இருக்கும். பத்து மணிக்கு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், கோடு மறைந்திருந்தால் பாறைதான்.

பாளைக்காரி | ஜனவரி 26

பார்த்துவிட்டாள். மறைந்துவிட்டதாம்.